குட்டி வீரர்களுக்கு வண்ணம்: கையைக் கடிக்காத தொடக்கம்

கால் முதல் கண் வரை ஏறத்தாழ 28 மில்லிமீட்டர். அந்த உயரத்துக்குள் கவசம், வார்ப்பட்டை, தாடி, முகம் எல்லாம் இருக்கும். பலகை விளையாட்டுக்காகவும் அலமாரிக்காகவும் இந்த மினியேச்சர்களுக்கு வண்ணம் தீட்டப் புதிதாக இறங்கியவர்களின் கேள்விகள் இவை. செலவு பற்றியவற்றையும், நிறையப் பேர் தடுக்கி விழும் இடங்களையும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: 50 நிறங்கள் அடங்கிய பெட்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். தனித்தனியாக வாங்குவதைவிட மலிவு. வாங்கிவிடலாமா?

வேண்டாம். குப்பிக் கணக்கில் மலிவுதான், ஆனால் அதில் பாதியை நீங்கள் தொடவே மாட்டீர்கள். தொடங்குவதற்கு ஏழு போதும்: கறுப்பு, வெள்ளை, சிவப்பு, மஞ்சள், நீலம், அடர் பழுப்பு, வெள்ளி. கூடவே பழுப்பு வாஷ் (பள்ளங்களில் இறங்கி நிழல் காட்டும் நீர்த்த பெயின்ட்) ஒன்று. மினியேச்சருக்கென்றே தயாராகும் அக்ரிலிக், பெரும்பாலும் 17 அல்லது 18 மி.லி. சொட்டுக் குப்பியில் வரும். ஒரு வீரனின் மேலங்கிக்கு இரண்டு சொட்டே தாராளம். ஆகவே ஒரு குப்பி நெடுநாள் ஓடும். மூடியைத் திறந்து பிரஷை முக்கும் டப்பாவைவிடச் சொட்டுக் குப்பியே சிக்கனம். டப்பாவின் விளிம்பில் பெயின்ட் காய்ந்து ஒட்டிக்கொண்டால் மூடி சரியாகப் பொருந்தாது. காற்றுப் புகுந்து உள்ளே இருப்பதும் கெட்டியாகும்.

மீதி நிறங்களைக் கலந்துகொள்ளுங்கள். மஞ்சளில் கொஞ்சம் கறுப்பு விட்டால் அருமையான ஆலிவ் பச்சை வரும். படைவீரர் உடைக்கு அதைவிடப் பொருத்தமான பச்சை கிடைப்பது கடினம். பழுப்போடு வெள்ளையும் துளி சிவப்பும் சேர்த்தால் தோல் நிறம். வெள்ளையைக் குறைத்துக்கொண்டே போனால் மாநிறம், கருமை என்று எல்லாம் அதே மூன்றிலிருந்து கிடைக்கும். சிவப்பை வெளுக்க வெள்ளையைச் சேர்க்காதீர்கள், ரோஜா நிறமாகிவிடும். மஞ்சள் சேருங்கள். அடர்த்தியாக்கப் பழுப்பு சேருங்கள். கலக்கும்போது சொட்டுகளை எண்ணி ஒரு தாளில் குறித்துவையுங்கள். பத்து வீரர்களுக்கு ஒரே மேலங்கி என்றால், பத்துக்கும் தேவையானதை ஒரே தடவையில் கலந்துவிடுங்கள். மறுநாள் கண்ணளவில் கலந்தால் அதே நிறம் வராது.

கேள்வி: கைவினைப் பொருள்களுக்கான மலிவு அக்ரிலிக், மாணவர்கள் பயன்படுத்தும் ட்யூப் அக்ரிலிக் – இவை ஆகாதா?

சிலவற்றுக்கு ஆகும். மலிவு அக்ரிலிக்கில் நிறமித் துகள் பருமனாகவும் அளவில் குறைவாகவும் இருக்கும். சுவரிலோ மரப்பலகையிலோ அது தெரியாது. நான்கு மில்லிமீட்டர் முகத்தில் தெரியும். மூடும் திறன் குறைவு என்பதால் நான்கைந்து பூச்சு தேவைப்படும். அதற்குள் கண், விரல் போன்ற நுணுக்கங்கள் மழுங்கிவிடும்.

எல்லா நிறமும் ஒரே மாதிரி சோதிப்பதில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. கறுப்பும் பழுப்பும் இயல்பாகவே நன்றாக மூடும். அவற்றை மலிவில் வாங்கினால் பெரிய நஷ்டமில்லை. வெள்ளை, மஞ்சள், சிவப்பு ஆகியவை நல்ல தயாரிப்பிலேயே படுத்தும். மலிவில் வாங்கினால் வெள்ளை சுண்ணாம்பு மாதிரி திரிதிரியாக நிற்கும். பணத்தை அங்கே போடுங்கள். வெள்ளியும் அப்படித்தான். துகள் பொடியாக இல்லாவிட்டால் வாள், மினுக்குத்தூள் தூவிய பொம்மை வாளாகிவிடும்.

மஞ்சளுக்கு ஓர் உபாயம் உண்டு. கறுப்பின் மேலோ அடர்சாம்பலின் மேலோ மஞ்சள் பூசாதீர்கள், பச்சையடித்துப் போகும். முதலில் இளம்பழுப்போ வெளிர் ரோஜாவோ ஒரு பூச்சு கொடுத்து, அதன்மேல் மஞ்சள் பூசினால் இரண்டே பூச்சில் மூடிவிடும்.

கேள்வி: நுணுக்கமான வேலைக்கு 000 எண் பிரஷ்தான் வேண்டும் என்கிறார்களே?

நுணுக்கம் முனையில் இருக்கிறது, பருமனில் இல்லை. 000 எண் பிரஷின் வயிற்றில் பெயின்ட் நிற்காது. தட்டிலிருந்து உருவத்துக்கு வருவதற்குள்ளேயே முனை உலர்ந்துவிடும். பிறகு எவ்வளவு கவனமாக இழுத்தாலும் கோடு விழாது. வட்டமாகக் கட்டி முனை கூராக முடியும் 1 எண் பிரஷ் ஒன்று, 2 எண் ஒன்று இருந்தால் கண் உட்பட எல்லாம் தீட்டலாம். வாங்குமுன் கடையில் நனைத்துப் பார்க்க முடிந்தால் பாருங்கள்: தண்ணீரில் முக்கி ஓர் உதறு உதறினால் மயிர் எல்லாம் ஒரே புள்ளியில் கூட வேண்டும். பிளந்து நின்றால் அந்தப் பிரஷ் வேண்டாம்.

கொலின்ஸ்கி சேபிள் மயிர்ப் பிரஷ் விலை கூடியது, ஒழுங்காக வைத்துக்கொண்டால் பல காலம் உழைக்கும். பழகும்வரை செயற்கை இழையே போதும். செயற்கை இழையின் முனை கொஞ்ச நாளில் கொக்கிபோல் வளையும். கொதிக்காத சுடுதண்ணீரில் சில விநாடி காட்டி விரலால் நீவிவிட்டால் ஓரளவு நேராகும். மறுபடி வளையும்போது அதை வாஷ் பூசவும் பெயின்ட் கலக்கவும் ஒதுக்கிவிடுங்கள்.

எந்தப் பிரஷையும் கொல்வது ஒன்றே: மயிரைப் பிடித்திருக்கும் உலோகக் குப்பிக்குள் பெயின்ட் ஏறிக் காய்வது. உள்ளே காய்ந்த பெயின்ட் மயிரை விரித்துவிடும், முனை பிளந்துபோகும். மயிரின் பாதிக்கு மேல் பெயின்ட் ஏற விடாதீர்கள். சில நிமிடத்துக்கு ஒரு முறை அலசுங்கள். முடித்ததும் கட்டிச் சோப்பில் மெல்லச் சுழற்றி, நுரை வெள்ளையாகும்வரை கழுவி, முனையை விரலால் கூட்டிப் படுக்கவையுங்கள். முனை கீழே இருக்கும்படி தண்ணீர்க் குவளையில் நிற்க வைக்கவே கூடாது.

கேள்வி: சூப்பர் க்ளூ போட்டும் கை கழன்று விழுகிறது. ஈட்டியும் வளைந்தே இருக்கிறது.

முதலில் உருவம் எதனால் ஆனது என்று பாருங்கள். சட்டத்தில் கோத்து வரும் கடினப் பிளாஸ்டிக் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். அதற்குப் பிளாஸ்டிக் சிமென்ட்தான் சரி, இரு பக்கத்தையும் லேசாகக் கரைத்து ஒன்றாக்கிவிடும். ரெசினையும் உலோகத்தையும் அந்தச் சிமென்ட் தொடாது. அங்கே சூப்பர் க்ளூ. அதையும் அதிகம் விட்டால்தான் பிடிக்காது. ஊசிமுனை அளவு போதும். ஒட்டும் இடத்தில் எண்ணெய்ப்பசை இருந்தாலும் பிடிக்காது. ரெசினை அச்சிலிருந்து எடுக்கத் தடவும் எண்ணெய் மேலே தங்கியிருக்கும், ஆகவே பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவி உலர்த்திய பிறகே மற்ற வேலை. கனமான உலோகக் கை என்றால் இரு பக்கமும் 1 மி.மீ. துளை போட்டு, பேப்பர் கிளிப் கம்பித் துண்டு ஒன்றைச் செருகி ஒட்டுங்கள்.

வளைந்த ஈட்டி மென்பிளாஸ்டிக்காகவோ ரெசினாகவோ இருந்தால், சுடுதண்ணீரில் சில விநாடி வைத்து நிமிர்த்தி, உடனே குளிர்ந்த தண்ணீரில் முக்குங்கள். அப்படியே நிற்கும்.

அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் உருவத்தைச் சுற்றி மெல்லிய கோடு ஓடும். கத்தியின் மொட்டைப் பக்கத்தால் சுரண்டி எடுங்கள். சோம்பல்பட்டு விட்டால், கடைசியில் டிரை பிரஷ் (பெயின்டைத் துடைத்துவிட்ட பிரஷால் மேடுகளை மட்டும் லேசாக வீசுவது) செய்யும்போது அந்தக் கோடுதான் முதலில் பளிச்சென்று தெரியும். ரெசினை உப்புத்தாளில் தேய்க்க வேண்டியிருந்தால் ஈரமாக்கித் தேயுங்கள், முகக்கவசமும் அணியுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

கேள்வி: ஸ்பிரே பிரைமர் அடித்தேன். உருவம் முழுக்க உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாகிவிட்டது. டப்பாவில் கோளாறா?

டப்பாவைவிடத் தூரத்தையும் காற்றையும்தான் சந்தேகிக்க வேண்டும். பிரைமர் துளி உருவத்தில் ஈரமாக வந்து விழுந்து, பரவி, பிறகு காய வேண்டும். தூரம் அதிகமானாலோ, வெயில் கடுமையாக இருந்தாலோ துளி பறக்கும்போதே காய்ந்து பொடியாக வந்து ஒட்டும். அதுதான் உங்கள் சொரசொரப்பு. ரொம்பக் கிட்டே பிடித்தால் நேர்மாறு: முகம், விரல் இடுக்கு எல்லாம் பிரைமரால் நிரம்பிவிடும்.

20 முதல் 25 செ.மீ. தூரத்தில் பிடியுங்கள். உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகு முழுதாக இரண்டு நிமிடம் குலுக்குங்கள். உருவத்துக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, உருவத்தைக் கடந்து, மறுபக்கம் வெளியே போய் விடுங்கள். அரை விநாடி வேலை. உருவத்தைத் திருப்பித் திருப்பி இப்படி நான்கைந்து வீச்சு. ஒரே அடியில் முழுக்க மூட முயல வேண்டாம். கீழிருக்கும் பிளாஸ்டிக் அங்கங்கே லேசாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, பிரைமரின் வேலை பெயின்டுக்குப் பிடிமானம் தருவதுதான். திறந்தவெளியில் அடியுங்கள், முகக்கவசத்தோடு. மழை பெய்து காற்று கனத்திருக்கும் நாளில் ஸ்பிரேயைத் தொடாதீர்கள். எந்த நாளிலும் முதல் அடி, வீணாய்ப் போன ஒரு பிளாஸ்டிக் துண்டின்மேல் இருக்கட்டும்.

செலவைக் குறைக்க இரு வழிகள். ஒன்று, வாகனத்துக்கு அடிக்கும் மேட் (பளபளக்காத) சாம்பல் பிரைமர். கடினப் பிளாஸ்டிக், உலோகம் இரண்டிலும் நன்றாக நிற்கும். மென்மையான பிவிசி உருவங்களில் சில பிரைமர்கள் நாள்கணக்கில் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும் என்பதால் அடிப்பீடத்தின் கீழே அடித்துச் சோதித்துவிடுங்கள். இரண்டாவது, பிரஷால் பூசும் அக்ரிலிக் ஜெஸ்ஸோ, ஓவியர்கள் துணிக்குக் கொடுக்கும் அடிப்பூச்சு. பூசும்போது நுணுக்கமெல்லாம் போய்விட்டதோ என்று பயமாக இருக்கும். காயும்போது சுருங்கி உருவத்தோடு ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பூசுங்கள், குழிகளில் நிற்கும் குமிழ்களைப் பிரஷ் முனையால் உடையுங்கள், ஒரு நாள் காயவிடுங்கள்.

நிறம் எது என்று குழம்புவோருக்கு: சாம்பல். எல்லா நிறத்துக்கும் ஒத்துப்போகும்.

கேள்வி: பெயின்ட் காய்ந்ததும் பிரஷ் இழுத்த வரிகள் தெரிகின்றன. எவ்வளவு தண்ணீர் சேர்க்க வேண்டும்?

ஒரு சொட்டு பெயின்டுக்கு ஒரு சொட்டு தண்ணீர் என்று தொடங்குங்கள். ஆனால் ஒவ்வொரு குப்பியும் ஒவ்வொரு கெட்டி, அதனால் சொட்டுக் கணக்கைவிடக் கட்டைவிரல் நகம் நம்பகமானது. கலந்ததைத் தொட்டு நகத்தின்மேல் ஒரு கோடு இழுங்கள். கோட்டில் மயிரின் வரிகள் பள்ளமும் மேடுமாகத் தெரிந்தால் இன்னும் தண்ணீர் வேண்டும். கோடு கரை தாண்டி நகத்தின் ஓரச் சதைக்குள் ஓடினால் தண்ணீர் கூடிவிட்டது. கரை கட்டி நின்று, பால் சிந்தியது போல் மட்டமாகப் படிந்து, நகம் லேசாகத் தெரிந்தால் அதுதான் பதம்.

அந்தப் பதத்தில் முதல் பூச்சு திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். அங்கேதான் பலர் பதறிப்போய், ஈரத்தின்மேலேயே மறுபடி தேய்க்கிறார்கள். பாதி காய்ந்த படலம் பிரஷோடு உரிந்து வரும், அடியில் ஓட்டை விழும். பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். இரண்டாவது பூச்சில் மூடும், மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் மூன்றாவது தேவைப்படலாம். தொட்ட பிரஷை உருவத்துக்குக் கொண்டுபோகுமுன் டிஷ்யூவில் ஒரு முறை ஒற்றுங்கள். வயிற்றில் தங்கிய அதிகத் தண்ணீர் அதில் போய்விடும். மிகவும் நீர்க்கப் பூச வேண்டிய இடங்களில் வெறும் தண்ணீருக்குப் பதில் மேட் மீடியம் (நிறமி இல்லாத, பளபளக்காத அக்ரிலிக் பசை) கலந்துகொள்ளுங்கள். தண்ணீர் மிதமிஞ்சினால் நிறமியைப் பிடித்து வைக்கும் பசை நீர்த்து, காய்ந்தபின் தேய்த்தால் பொடியாக வரும்.

கேள்வி: தட்டில் விட்ட பெயின்ட் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடுகிறது. பாதி வீணாகிறது.

வெட் பேலட், அதாவது அடியிலிருந்து ஈரம் தரும் கலவைத் தட்டு, ஒன்று செய்துகொள்ளுங்கள். பெயின்டில் பணத்தை மிச்சப்படுத்த இதைவிடச் சிறந்த வழி இல்லை, செலவும் இல்லை. இறுக மூடும் தட்டையான டப்பா, அதன் அடியில் மெல்லிய ஸ்பாஞ்சு அல்லது நான்கைந்து மடிப்பு சமையலறை டிஷ்யூ, அதன்மேல் பேக்கிங் தாள். தண்ணீர் ஸ்பாஞ்சின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். தாளின் அடியில் காற்று இல்லாமல் நீவிவிடுங்கள். மெழுகுத் தாள் வேலைக்கு ஆகாது, அது தண்ணீரை மேலே விடாது. பேக்கிங் தாளிலும் சில வகைகள் ஈரத்தில் ஊறிக் கிழியும். ஒரு துண்டை நனைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பெயின்ட் தானாக நீர்த்து ஓடினால் தண்ணீர் அதிகம், ஓரம் காய்ந்தால் குறைவு. மூடி வைத்தால் ஒரு நாள், சில சமயம் அதற்கு மேலும் தாங்கும். வெள்ளி, தங்கம் போன்ற உலோக நிறங்களை இதில் விடாதீர்கள். மினுக்குத் துகள் ஈரத்தில் பரவி அடுத்த நிறங்களிலும் ஏறும். அவற்றுக்கு ஒரு பழைய பீங்கான் தட்டு. வாரம் ஒரு முறையாவது ஸ்பாஞ்சைக் கழுவி, டிஷ்யூவை மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடித்து நாறும்.

கேள்வி: வாஷ் பூசினால் காபி சிந்திய கறைபோல் வட்டம் வட்டமாக நிற்கிறது. வாஷை வீட்டிலேயே தயாரிக்க முடியுமா?

பூசிய ஒரு நிமிடத்தில் உருவத்தை விளக்குக்கு நேரே சாய்த்துப் பாருங்கள். மடிப்புகளில் வாஷ் இறங்கி அடர்ந்திருக்கும். அது வேண்டியது. முட்டியின் மேல், தோள்கவசத்தின் நடுவில், அங்கியின் கீழ் ஓரத்தில் பளபளவென்று குமிழாக நிற்கிறதே, அதுதான் நாளைய கறை. குட்டைக்கு ஓரம் முதலில் காயும். காயும் ஓரத்துக்கு நிறமி நகர்ந்து போய் வரம்பு கட்டும். ஆகவே ஈரமாக இருக்கும்போதே, தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பிரஷை அந்தக் குமிழில் தொடுங்கள். பிரஷே உறிஞ்சிக்கொள்ளும். காயத் தொடங்கிவிட்டால் கைவைக்காமல் அரைமணி நேரம் விட்டுவிட்டு, மேட்டுப் பகுதிகளை அடிநிறத்தாலேயே மறுபடி தொட்டுக்கொடுங்கள். முழு உருவத்தையும் ஒரே மூச்சில் குளிப்பாட்டாமல் பகுதி பகுதியாகப் போனால் பாதிப் பிரச்சினை வராது.

தயாரிக்கலாம். அக்ரிலிக் மை அல்லது பெயின்ட் ஒரு பங்கு, மேட் மீடியம் நான்கு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு. பாத்திரம் கழுவும் திரவத்தை ஒரு பல்குச்சி முனையில் தொட்டு அதில் கலக்குங்கள். தண்ணீரின் பரப்பு இழுவிசை குறைந்தால்தான் வாஷ் மேட்டிலிருந்து பள்ளத்துக்குள் இறங்கும். சோப்பு கூடினால் நுரைக்கும், குமிழ் உடைந்த இடமெல்லாம் வளையமாகக் காயும். மீடியத்தைத் தவிர்த்து வெறும் தண்ணீரில் கலப்பவர்களுக்குத்தான் காபிக் கறை அதிகம் வருகிறது. பழுப்பும் கறுப்பும் சம அளவில் கலந்த வாஷ் ஒன்று இருந்தால் தோல், துணி, உலோகம், மரம் எல்லாவற்றுக்கும் ஓடும்.

கேள்வி: சிட்டாடல் என்ற மினியேச்சர் பெயின்ட் பிராண்டின் கான்ட்ராஸ்ட் மாதிரியான ஒரே பூச்சுப் பெயின்ட் தொடக்கக்காரருக்கு நல்லதா?

2019இல் வந்த அந்த வகை, வெளிர் பிரைமரின்மேல் ஒரே கையில் நிழலும் வெளிச்சமும் தரும். முடி, ரோமம், துணி மடிப்பு நிறைந்த உருவங்களுக்கு மிக நல்லது. மழமழவென்ற கவசத்தில் திட்டுத்திட்டாக நிற்கும். குப்பி விலை கூடுதல். ஒரு பழுப்பு மட்டும் வாங்கிப் பழகிவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: டிரை பிரஷ் செய்தால் உருவம் மாவு பூசியது போல் ஆகிறது.

பிரஷில் பெயின்ட் மிச்சமிருக்கிறது, அல்லது நிறம் அடிநிறத்தைவிட ரொம்ப வெளிர். தொட்டபின் காகிதத்தில் துடையுங்கள், இன்னும் துடையுங்கள். புறங்கையில் தேய்த்தால் ரேகைகளின் மேடு மட்டும் தெரிய வேண்டும். பிறகு விளிம்புக்குக் குறுக்காக, எடையே இல்லாமல் வீசுங்கள். முகப்பூச்சுக்கான மென்மையான வட்டப் பிரஷ் இதற்கு வாகானது.

கேள்வி: கண் தீட்டினால் எல்லாரும் பேயைக் கண்டவர் போல விழிக்கிறார்கள்!

வெள்ளையின் நடுவில் கறுப்புப் புள்ளி வைப்பதால்தான். கருவிழியைச் சுற்றி நாலாபக்கமும் வெள்ளை தெரிந்தால் அது அதிர்ச்சியின் முகம். கண்குழி முழுக்க அடர் பழுப்பு பூசுங்கள். அதற்குள் பழுப்பு கலந்த மங்கல் வெள்ளையில் ஒரு கிடைக்கோடு. மேலும் கீழும் பழுப்பு இழை தெரியும்படி. பிறகு கருவிழியைப் புள்ளியாக இல்லாமல், மேல் இமையிலிருந்து கீழ் இமை வரை ஒரு குறுங்கோடாக இறக்குங்கள். இரு கண்ணும் நேரே பார்ப்பதைவிட ஒரே பக்கம் லேசாகப் பார்ப்பதே எளிது, இயல்பாகவும் இருக்கும். வழிந்ததைத் தோல் நிறத்தால் வெளியிலிருந்து மூடிவிடலாம். இரு முழங்கையும் மேசையில், இரு மணிக்கட்டும் ஒன்றோடொன்று முட்டி நிற்கட்டும், நடுக்கம் பாதியாகும். உருவத்தைக் கையில் பிடிக்காமல் ஒரு மருந்துக் குப்பியின் மூடியில் இருபக்க ஒட்டுநாடாவால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

விளையாட்டுப் பலகைக்கு மட்டும் என்றால் கண்குழியில் வாஷ் இறங்கிய நிழலே போதும். கை நீட்டும் தூரத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

கேள்வி: கடைசியில் மேட் வார்னிஷ் அடித்தேன். வெள்ளைப் பனி படர்ந்துவிட்டது. எல்லாம் போச்சா?

போகவில்லை. ஈரக் காற்றில் அடித்தாலோ, சரியாகக் குலுக்காமல் அடித்தாலோ, ஒரே அடியில் கனமாக அடித்தாலோ இது நடக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு, ஈரமில்லாத நாளில், பிரஷால் மெல்லிய கிளாஸ் (பளபளக்கும்) வார்னிஷ் ஒரு பூச்சு கொடுங்கள். பெரும்பாலும் பனி மறைந்து நிறம் திரும்பிவிடும். அது காய்ந்ததும் மேட் வார்னிஷ் மறுபடி, இந்த முறை மெல்லிசாக. விளையாட்டில் கைபடும் உருவங்களுக்குக் கிளாஸ் அடியில், மேட் மேலே என்ற இந்த இரட்டைப் பூச்சே நல்ல பாதுகாப்பு. மேட் வார்னிஷ் உலோக நிறத்தின் மினுக்கைத் தின்றுவிடும். வாளையும் கவசத்தின் விளிம்பையும் வார்னிஷுக்குப் பிறகு தொட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: முதல் ஐந்து உருவங்களும் பாழ். பெயின்டை முழுக்க எடுக்க வழி உண்டா?

கடினப் பிளாஸ்டிக் என்றால் 90 சதவீதத்துக்கு மேலான ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் அரைமணி நேரம் ஊறவைத்து, பழைய பல் பிரஷால் தேயுங்கள். இடுக்குகளுக்குப் பல்குச்சி. கையுறை போடுங்கள், சன்னலைத் திறந்துவையுங்கள், அருகில் நெருப்பு கூடாது. ரெசின் சிலது இதில் இளகும், ஆகவே அடிப்பீடத்தை மட்டும் ஐந்து நிமிடம் முக்கிச் சோதித்துவிட்டு முழு உருவத்தையும் போடுங்கள். அசிட்டோன் பிளாஸ்டிக்கையும் ரெசினையும் கூழாக்கிவிடும். உலோக உருவத்துக்கு மட்டுமே அது. சூப்பர் க்ளூ போட்ட மூட்டுகள் கழன்று வரலாம், எண்ணி எடுத்து வையுங்கள். பிரைமரின் சாயம் கொஞ்சம் தங்கினால் விட்டுவிடுங்கள். விரலால் தடவும்போது மட்டமாக இருந்தால் அதன்மேலேயே மறுபடி பிரைமர் அடிக்கலாம்.

ஐந்தில் ஒன்றை மட்டும் கழுவாமல் எடுத்து வையுங்கள். அதன் முதுகும் அடிப்பீடமும் இனி உங்கள் சோதனைப் பலகை: புது வாஷ், புது வார்னிஷ், புதுக் கலவை எதுவானாலும் முதலில் அங்கே.